குடுமியா, கொண்டையா

தயாளன் தாம்பரத்தில் ஒரு காலேஜில் விலங்கியல் துறையின் ஸ்டோர் கீப்பர். தவளைக்கும் கரப்பான் பூச்சிக்கும் ஆள் அனுப்புவது, கண்ணாடி ஜாடிகளில் பார்மலின் குறையாமல் பார்த்துக்கொள்வது, மாணவர்கள் அறுத்துப் போட்டதை அள்ளிக்கொண்டுபோய்ப் புதைப்பது, இவ்வளவுதான் வேலை. பதினேழு வருஷமாக அதைச் செய்து வந்தார். ஆனால் சேலையூர் பக்கத்து ஜனங்களுக்கு அவர் பாதி மாட்டு டாக்டர். கன்று தீனி எடுக்கவில்லை என்றாலும், நாய் நொண்டினாலும் அவர் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். அவரும் வாயைத் திறந்து பார்த்து, வயிற்றைத் தட்டிப் பார்த்து ஏதாவது சொல்லி அனுப்புவார். பாதிக்குப் பாதி தானாகவே சரியாகிவிடும். பெயர் அவருக்கு. எனக்குத் தெரியாது என்று ஒரு தடவையாவது சொல்லிப் பழகுங்கள் என்று அவர் மனைவி ஞானஜோதி சொல்லிக்கொண்டே இருந்தாள். ஆரம்பப் பள்ளியில் டீச்சர் அவள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பிள்ளைகளை அடிக்காத டீச்சர் என்று பெயர் வாங்கியவள்.

அறுபத்தேழாம் வருஷம் ஜூலை மாதம், துறையில் இருந்த வெள்ளைக்காரப் பேராசிரியர் வேலையை முடித்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பினார். அவர் பங்களாவில் ஒரு விசித்திரமான கோழி ஜாதி இருந்தது. உடம்பெல்லாம் கன்னங்கரேல் என்று கறுப்பு. தலையில் மட்டும் கண்ணை மறைக்கிற அளவுக்கு வெள்ளை இறகுகள் பந்தாகக் குவிந்திருக்கும். கோழிகளைக் கொடைக்கானலில் இருந்த சிநேகிதருக்கு அனுப்பிவிட்டு, கடைசியாக இட்ட எட்டு முட்டைகளைத் தவிட்டில் பொதிந்து தயாளனிடம் கொடுத்தார். கூடவே ஒரு விஷயமும் சொன்னார். குஞ்சாக இருக்கும்போது ஆணா பெண்ணா என்று சொல்வது கஷ்டம். இரண்டு மாதம் போனதும் தலையைப் பார். இறகு நெருக்கமாக, உருண்டையாக இருந்தால் பெட்டை. தளர்ந்து இரண்டு பக்கமும் பிரிந்து விழுந்தால் சேவல்.

தயாளன் இதைத் தன் தமிழில் சுருக்கிவைத்துக்கொண்டார். கொண்டை போட்டிருந்தால் பெட்டை, குடுமி அவிழ்ந்திருந்தால் சேவல். சொல்லிப் பார்க்க நன்றாக இருந்தது. டீக்கடையில் இரண்டு மூன்று பேரிடம் சொல்லியும் விட்டார்.

அடை வைக்க அவரிடம் கோழி இல்லை. பின்தெரு அங்காளம்மாளிடம் இருந்தது. அந்த ஊரின் பழைய குடும்பம். நிலமெல்லாம் மனைகளாகப் போன பிறகும் ஒரு கிணறும் நாலு தென்னையும் மிச்சம் வைத்திருந்தாள். புருஷன் இல்லை. ஒரே மகன் அரிகிருஷ்ணன், இருபத்திரண்டு வயது, பல்லாவரத்தில் ஒரு பட்டறைக்கு சைக்கிளில் போய் வந்துகொண்டிருந்தான். கோழி அவளுடையது, முட்டை தயாளனுடையது, பொரிப்பதில் ஆளுக்குப் பாதி என்று பேச்சு. ஆவணி பிறந்ததும் ஏழு பொரிந்தன. ஒன்றைப் பருந்து கொண்டுபோனது. மிச்சம் ஆறு.

காலேஜில் கழித்துப் போட்ட முயல் கூண்டு ஒன்று தயாளன் வீட்டுக் கொல்லையில் இருந்ததால் ஆறும் அங்கேயே வளர்ந்தன. அங்காளம்மாள் தினமும் வந்து எட்டிப் பார்ப்பாள். இதில் சேவல் எது என்று கேட்பாள். எல்லாவற்றுக்கும் மண்டையில் ஒரே மாதிரி புடைப்பு, அதன்மேல் ஒரே மாதிரி பஞ்சு. இரண்டு மாதம் ஆகட்டும் சொல்கிறேன் என்பார் தயாளன், இப்போதே தெரிந்தும் சொல்லாமல் வைத்திருப்பவர் போல.

ஐப்பசியில் அரிகிருஷ்ணனுக்குக் காய்ச்சல் வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள், மத்தியானம் ஆனால் பல் கிட்டிக்கொண்டு குளிரும், கட்டிலே ஆடும். மலேரியா ஆபீசிலிருந்து வந்தவர் விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுத்துக்கொண்டு போய், பிறகு வந்து மாத்திரை கொடுத்து, இத்தனை நாள் விடாமல் சாப்பிட வேண்டும் என்று சொல்லிப் போனார். அங்காளம்மாள் குன்றத்தூர் முருகனுக்கு வேண்டிக்கொண்டாள். வரும் கிருத்திகையன்று, கடையில் வாங்காமல், தன் கோழி அடைகாத்துப் பொரித்த சேவல் ஒன்றை உயிரோடு கொண்டுபோய்க் கோயிலில் விடுவதாக.

அவள் வீட்டுக் குஞ்சுகளெல்லாம் பெட்டைகளாகப் போன வருஷம் அது. சேவல் வேண்டுமென்றால் இந்த ஆறில்தான்.

கிருத்திகைக்கு முந்தின மூன்று நாளும் விடாத மழை. கிருத்திகையன்று காலையில் தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு கூடையோடு வந்தாள். தயாளன் கூண்டின் மேலிருந்த தகரத்தைத் தூக்கினார். உள்ளே ஆறும் சொட்டச் சொட்ட நனைந்து நின்றன. ஆறு தலையிலும் இறகு பிரிந்து, ஒட்டிக்கொண்டு, கன்னத்தில் வழிந்து கிடந்தது. அவருக்குச் சுருக்கென்றது. எல்லாமே குடுமி அவிழ்ந்தவை. ஆறும் சேவலாக இருக்க முடியுமா? முடியாது என்று எந்தச் சட்டமும் இல்லை. ஒன்றின் தலை மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகப் பிரிந்திருந்த மாதிரி இருந்தது. கழுத்தை நிமிர்த்தி நின்றது. அதைப் பிடித்து அவள் கையில் கொடுத்தார்.

"இது சேவல்தானே சார்? நல்லா பார்த்துச் சொல்லு. சாமி காரியம்."

"நிச்சயமா சேவல்தான். பதினேழு வருஷமா இதே வேலைதானே பண்றேன், அங்காளம்மா."

அவள் அந்த மழையிலேயே பஸ் ஏறிக் குன்றத்தூர் போய், மலை ஏறி, கோழியை விட்டுவிட்டு வந்தாள். அன்று குளிர் வரவேண்டிய நாள். வரவில்லை. அடுத்த முறையும் வரவில்லை. பையன் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டான்.

மூன்றாம் நாள் வெயில் அடித்தது. தயாளன் கோதுமைத் தவிட்டைப் பிசைந்து எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனவர், கூண்டைத் திறந்து அப்படியே குந்திவிட்டார். ஐந்து தலையும் உலர்ந்து, உப்பி, பஞ்சு உருண்டை போல அழகாகக் கொண்டை போட்டிருந்தன. மழையன்று குடுமி அவிழ்ந்து நின்றவைதான் இவையும். நனைந்தால் எந்தத் தலையும் அவிழும் என்பது ஏன் அன்று தோன்றவில்லை? ஞானஜோதி தலைக்குக் குளித்துவிட்டு வந்து நிற்பதைத் தினமும் பார்க்கிறவர்தானே அவர். இவை உலர்ந்து கொண்டையானால், அந்த ஒன்றும் இந்நேரம் உலர்ந்து கொண்டையாகியிருக்கும் அல்லவா?

அதற்குப் பிறகு அவருக்கு அதே யோசனைதான். காலையில் பார்த்தால் ஐந்தும் பெட்டை. மாலையில் பார்த்தால் ஒன்று வகிடு எடுத்த மாதிரி இருக்கும். பின்னாலிருந்து பார்த்தால் சேவல், முன்னால் வந்தால் பெட்டை. காற்றடித்தால் எல்லாம் மாறிவிடும். துறையில் லாசரஸ் என்று புதிதாக வந்த ஒரு இளம் லெக்சரர் இருந்தார். அவரை வீட்டுக்குக் கூட்டிவந்து காட்டினார். லாசரஸ் ஒவ்வொன்றாகப் பிடித்து, இறகை விலக்கி, மூக்குக்கு மேலே இரண்டு சிறு கொம்பு போலத் துருத்திக்கொண்டிருந்த சதையைப் பார்த்தார். இந்த ஜாதிக்குத் தலைச் சதையான பூ அவ்வளவுதான் இருக்குமாம். இரண்டு சேவல் என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரம் அவரே வந்து பார்த்து மறுபடியும் இரண்டு என்றார். ஆனால் முன்பு சொன்ன இரண்டு அல்ல. பிறகு சிரித்துவிட்டு, கூவுகிறதா முட்டையிடுகிறதா என்று காத்திருந்து பார்ப்பதுதான் ஒரே வழி, இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்றார். தயாளனுக்கு அது வெட்கமாகத்தான் இருந்தது. எம்.எஸ்ஸி. படித்தவர் இவ்வளவு லேசாகக் கைவிரிக்கிறாரே என்று எரிச்சலும் வந்தது.

பையன் நன்றாகிவிட்டான், பேசாமல் இருங்கள் என்றாள் ஞானஜோதி. இருந்திருப்பார். ஆனால் அங்காளம்மாள் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சாரு கை வைத்தால் தப்பாது, சரியான சேவலாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தார், அன்றைக்கே காய்ச்சல் ஓடிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பால் வாங்கப் போனால் அந்தப் பேச்சு, தண்ணீர்க் குழாயடியில் அந்தப் பேச்சு. பத்து நாளுக்குமேல் அவரால் தாங்க முடியவில்லை. அவள் வீட்டுக்குப் போய், அந்தக் கோழி பெட்டையாகவும் இருக்கலாம் என்று மென்று விழுங்கிச் சொன்னார்.

அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"அப்போ முருகனாண்ட நான் பொய் சொல்லிட்டு வந்தேனா?"

இல்லை, தப்பு என்னுடையது என்றார் அவர். அவள் திட்டவில்லை. உள்ளே திரும்பி மகன் இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு, அடுத்த கிருத்திகைக்குச் சரியான சேவல் ஒன்று வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

கார்த்திகை மாதம் கிருத்திகை வந்தது. அன்று மழை இல்லை. ஒரு வாரமாகவே தயாளன் ஒன்றைக் குறிவைத்திருந்தார். மற்ற நான்கும் உருண்டையாக இருக்க, அதன் தலையில் மட்டும் இறகு மெலிந்து, நடுவில் பிளந்து, இரண்டு பக்கமும் தொங்கியது. வெயிலிலும் அப்படியே இருந்தது, காற்றிலும் அப்படியே இருந்தது. தன்னுடைய பங்கிலிருந்தே அதைக் கொடுத்தார். இந்தத் தடவை நிச்சயம் என்ற சொல்லைச் சொல்ல அவர் நினைக்கவில்லை. அவள் கேட்டாள், சொல்லிவிட்டார். அவள் மறுபடியும் மலை ஏறி இறங்கினாள். முகம் தெளிந்திருந்தது.

நான்கைந்து நாள் கழித்து, தீனி வைத்துவிட்டு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கோழி பக்கத்துக் கோழியின் தலையில் கொத்தி ஒரு வெள்ளை இறகைப் பிடுங்கித் தின்றது. அது சும்மா நின்றது. இறகு கண்ணை மறைப்பதால் கொத்த வருவதே அதற்குத் தெரியவில்லை. இன்னொன்று வந்து இன்னொரு இறகைப் பிடுங்கியது. அந்தத் தலையின் நடுவில் ஏற்கெனவே வகிடு விழத் தொடங்கியிருந்தது.

அப்படியானால் இரண்டாவதாகக் கொடுத்தது குடுமி அவிழ்ந்த சேவலா, கொண்டை பிடுங்கப்பட்ட பெட்டையா? இதை அவர் அங்காளம்மாளிடம் சொல்லவில்லை. ஞானஜோதியிடமும் சொல்லவில்லை.

கிறிஸ்துமஸ் போனது, பொங்கல் போனது. அக்கம்பக்கத்துச் சேவல்கள் எல்லாம் கூவின. கூண்டிலிருந்து ஒரு சத்தம் இல்லை. தை கடைசியில் கூண்டின் மூலையில் ஒரு வெள்ளை முட்டை கிடந்தது. ஞானஜோதி சந்தோஷப்பட்டு எடுத்துவந்தாள். பத்து நாளைக்குள் நான்கும் முறைபோட்டு முட்டையிடுவதைத் தயாளன் கண்ணால் பார்த்துவிட்டார். ஆறில் நான்கு பெட்டை. மீதி இரண்டும் பெட்டையாக இருந்தால் என்ன செய்வது? இருக்காது என்றும் தோன்றியது, ஏன் இருக்கக்கூடாது என்றும் தோன்றியது. ஒரே அடையில் ஆறும் பெட்டையாகப் பொரிக்குமா என்று லாசரஸைக் கேட்டார். பொரிக்கலாம், அபூர்வம் என்றார் அவர். இந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியவில்லை.

அந்த வாரமே அரிகிருஷ்ணனுக்கு மறுபடியும் குளிர் வந்தது.

அங்காளம்மாள் வந்தவள் உள்ளே வரவில்லை. வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உங்கள் வீட்டில் ஒரு சேவலாவது கூவுகிறதா என்று கேட்டாள். இல்லை, நான்கும் பெட்டை என்றார். இறகு பிடுங்கிய விஷயத்தையும் அப்போதுதான் சொன்னார். ஞானஜோதி பின்னால் வந்து நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அங்காளம்மாள் கேட்டிலிருந்து கையை எடுத்தாள்.

"யோசிச்சிக்கினு இருந்தா ஆவாது சார். நேர்ல போய் பார்த்துடலாம், வா."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தயாளன் சர்ச்சில் ஆராதனை முடிந்து வந்து வேட்டியைக்கூட மாற்றாமல் கிளம்பினார். பல்லாவரம் வரை ரயில், அங்கிருந்து பஸ். பஸ்ஸில் அங்காளம்மாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சாமிக்குப் பெட்டையை விட்டால் என்ன ஆகும் என்று அவள் ஒரு தடவை கேட்டாள். அவர் கிறிஸ்தவர், இதற்கு என்ன சொல்வது? ஒன்றும் ஆகாது என்று சொல்ல வாய் வந்தது. அதையும் நிச்சயமாகச் சொல்லிவிடுவோமோ என்று பயந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

குன்றத்தூரில் அடிவாரத்தில் முனிரத்தினம் என்று ஒருவர் காணிக்கைக் கோழிகளைப் பார்த்துக்கொள்பவர். விடுகிற கோழிகளை மாதாமாதம் ஏலம் போட்டுவிடுவது வழக்கம் என்றார். தலையில் பூப்பந்து வைத்த கறுப்புக் கோழிகளா, நன்றாக ஞாபகம் இருக்கிறது. இரண்டையும் ஒரே ஆள்தான் எடுத்தார், பம்மலில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்கிற மாரி என்றார். முதல் கோழியை எடுத்துப்போன மாரி, அதே மாதிரி இன்னொன்று வந்தால் சொல்லியனுப்பச் சொல்லியிருந்தாராம்.

பம்மலில் இறங்கி விசாரித்துக்கொண்டு போனார்கள். சுண்ணாம்பும் பச்சைத் தோலும் கலந்த வாடை தெரு முழுவதும் நின்றது. அங்காளம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். மாரி வீட்டிலேயே இருந்தார். கோழியைப் பார்க்கத் தாம்பரத்திலிருந்து இரண்டு பேர் வந்திருக்கிறார்கள் என்றதும் அவருக்கு ஒரே பெருமை. பின்பக்கம் ஓலைச் சார்ப்புக்கு அழைத்துப் போனார்.

அங்கே இரண்டு கறுப்புக் கோழிகள் நின்றன. ஒன்று உயரம். வால் வளைந்து மினுமினுத்தது. தலையில் வெள்ளை இறகு நீள நீளமாகப் பிரிந்து கழுத்துவரை விழுந்திருந்தது. அது மண்ணைக் கிளறி, எதையோ கண்டு, கொக் கொக் என்று கூப்பிட்டது. மற்றது குனிந்து வந்து அதைத் தின்றது. அதன் தலையில் கொண்டை, கட்டிவைத்த மாதிரி உருண்டையாக இருந்தது. இதில் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. எந்தக் குழந்தையும் சொல்லிவிடும்.

முதலில் எடுத்துவந்தது எது என்று தயாளன் கேட்டார்.

"தோ, சேவல் கீதே, இதான் சார் மொதல்ல வந்தது. ஐப்பசி ஏலத்துல எடுத்தேன். அந்தப் பெட்டை ஒரு மாசம் கழிச்சு வந்துச்சு. தல நடுவுல மொட்டையா கீது, சீக்கு போலன்னு நினைச்சேன். இப்போதான் முடி மொளைச்சுது."

அவர் சொல்லி முடிப்பதற்குள் சேவல் கழுத்தை நீட்டிக் கூவியது. கொஞ்சம் கரகரப்பாக இருந்தாலும் முழுக் கூவல்.

மழையில் நனைந்து நின்றதைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்த மாதிரி எடுத்தது சரியாக இருந்திருக்கிறது. ஒரு வாரம் உட்கார்ந்து, வெயிலிலும் காற்றிலும் ஆராய்ந்து எடுத்தது தப்பாக இருந்திருக்கிறது. தப்பு என்று நினைத்து அவர் போய்ச் சொன்ன உண்மை உண்மையே இல்லை. சந்தோஷப்பட வேண்டுமா என்று தயாளனுக்குத் தெரியவில்லை. ஒரு பாரம் இறங்கிய மாதிரி இருந்தது, உடனே வேறொன்று ஏறிய மாதிரியும் இருந்தது.

அங்காளம்மாள் சேவலையே பார்த்துக்கொண்டு நின்றாள். மாரியின் வீட்டுக்காரி கொண்டுவந்து வைத்த தண்ணீரைக்கூட எடுக்கவில்லை.

"மொதல்லயே சரியாத்தான் போய்க்கீது. கொறை ஒண்ணும் வைக்கல. அப்புறம் ஏன் சார் பையனுக்குத் திரும்ப வந்துச்சு?"

குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே அவள் அவரைத்தான் கேட்டாள். கன்று தீனி எடுக்காததைக் கேட்பது போல. தயாளன் வாயைத் திறந்தார். வழக்கமாக அந்த இடத்தில் ஏதாவது ஒரு சொல் தானாக வந்து நிற்கும். அன்று ஒன்றும் வரவில்லை.

"எனக்குத் தெரியலையே அங்காளம்மா," என்றார்.

அவள் இன்னும் ஏதோ வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை என்றதும் வெளியே நடந்தாள். பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது, மேற்கொண்டு என்ன கேட்பது என்று தெரியாமல், பையன் இப்போது என்ன சாப்பிடுகிறான், வாந்தி உண்டா, மருந்து என்ன என்று அவர் ஒவ்வொன்றாக விசாரித்தார். மருந்து ஒன்றும் இல்லை என்றாள். அன்று மலேரியாக்காரர் கொடுத்த மாத்திரை என்ன ஆயிற்று என்றார். இரண்டு நாள் கொடுத்தாளாம். கோழி விட்டு வந்த அன்றே காய்ச்சல் நின்றுவிட்டதால் மீதியைப் பொட்டலத்தோடு சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டாளாம். அது ஒரே கசப்பு, பையன் குமட்டினான், சும்மா எதற்கு என்று விட்டுவிட்டாள்.

"முழுசா கொடுக்கணும்னு அவர் சொல்லலையா?"

"சொன்னாருதான். நீதான் நிச்சயம்னுட்டியே சார். அப்புறம் மாத்திரை எதுக்கு?"

தயாளனுக்கு முதலில் புரியவில்லை. அவர் நிச்சயம் என்று சொன்னது கோழியை. அவள் அதை மகனுக்கான நிச்சயமாக எடுத்துக்கொண்டுபோயிருந்தாள். பஸ் வந்தது. அவள் ஏறிய பிறகும் அவர் படியில் கால் வைக்காமல் நின்றார். கண்டக்டர் ஒரு அதட்டல் போட்டதும் ஏறினார்.

மறுநாள் காலேஜுக்கு லீவு போட்டுவிட்டு அரிகிருஷ்ணனை ரிக்ஷாவில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ரத்தம் பார்த்தார்கள். பழைய காய்ச்சல்தான், முழுதாகப் போகாமல் உள்ளேயே தங்கியிருந்தது, பாதியில் மருந்தை நிறுத்தினால் இப்படித்தான் என்றார் டாக்டர். தயாளன் தலையை ஆட்டினார். தெரியும் என்பது போல ஆட்டவில்லை. எத்தனை மாத்திரை, எத்தனை நாள், சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று இரண்டு தடவை கேட்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டார்.

அன்று முதல் தினமும் காலையில் காலேஜ் போகும் முன் பின்தெருவுக்குப் போவார். அரிகிருஷ்ணன் மாத்திரையை விழுங்கும்வரை எதிரில் நிற்பார். வாயைத் திறந்து காட்டச் சொல்வார். நான் என்ன கன்றுக்குட்டியா சார் என்று பையன் சலித்துக்கொள்வான். இரண்டாம் நாளோடு குளிர் நின்றது. இவர் வருவது நிற்கவில்லை. கடைசி மாத்திரையும் உள்ளே போன அன்று, அங்காளம்மாள் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். முருகன்தான் தன்னைப் பம்மல்வரை இழுத்துக்கொண்டு போய், பஸ் ஸ்டாப்பில் சாரு வாயில் அந்த மாத்திரைப் பேச்சை வரவைத்தான் என்றாள். அப்படித்தானே என்று அவரையும் கேட்டாள்.

அப்படியும் இருக்கலாம் என்றுதான் அவரால் சொல்ல முடிந்தது. காப்பி சூடாக இருந்தது. அரிகிருஷ்ணன் கூடத்தில் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தான். காய்ச்சல் திரும்பி வந்த பிறகு முதல் தடவையாக அன்று அவன் பட்டறைக்கு முழு நாள் வேலைக்குப் போனான்.